ஆர்வலன்72-ஐ நான் தேடிய கதை

"மூஞ்சே தெரியாதவனாண்ட போயி இன்னா நியூஸ் கேப்பே நீ?" என்று என் அப்பா ஒருநாள் கேட்டார்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். பள்ளிக்கூடத்துக்கு அவர் போனதெல்லாம் என்னைக் கேட்டில் விட்டுவிட்டுத் திரும்புவதற்காகத்தான். எங்கள் வியாசர்பாடி வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த என் படம் வாசலைப் பார்த்து மாட்டியிருக்கிறது. கேஸ் சிலிண்டர் போட வருபவர்கூட அதைப் பார்க்காமல் திரும்ப முடியாது. அப்படி மாட்டியவரே கேட்ட கேள்வி இது.

விபத்து நடந்த இடத்துக்குப் போய் நான்கு பேரிடம் பேசி எழுதுபவர்தான் அவருக்கு நிருபர். இன்டர்நெட்டில் கூடிப் பேசும் கம்ப்யூட்டர் ஆட்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சந்தேகம் வந்துவிட்டது. நியாயமான சந்தேகம்தான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரமும், ஆறடி உயரமும், ஒரு முறுக்கு மீசையும் தேவைப்பட்டன.

போன மாதம் நான் வேலை பார்த்த மாலை நாளிதழிலிருந்து விலகினேன். எட்டு வருடம் அங்கே இருந்தேன். முப்பது வயதில் ஓய்வுபெற்றவளைப்போல எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி நாளன்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் விடவில்லை. "அக்கா, நெட்டுல வர்றத எப்படி செக் பண்றதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. பொறுத்துக்கொள்ளவும்.

ராயபுரத்தில் ஒரு ஐஸ் கிடங்குக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மே மாதத்திலும் தரை ஜில்லென்று இருக்கும், தலைக்கு மேல் தகரக் கூரை கொதிக்கும். முதல் வருடம் இரங்கல் விளம்பரங்களில் எழுத்துப்பிழை பார்த்தேன். இரண்டாவது வருடம் தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு வரவில்லை என்று எழுதினேன். மூன்றாவது வருடம்தான் தேவசகாயம் சாரின் கதவு எனக்குத் திறந்தது. திறந்தது என்பதைவிட, தட்டப்பட்டது என்று சொல்ல வேண்டும்.

தேவசகாயம் சார் தலைமை நிருபர். குள்ளமான, அமைதியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்காது, ஏலக்காய் இருக்கும். செய்தியைக் கொடுத்தால் ஒருமுறை படிப்பார். பிறகு எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு நிமிடம் கழித்துக் கதவு தட்டப்படும். திறந்தால் வலது கையில் செருப்போடு நிற்பார். அந்த நேரத்தில் அவர் தேவசகாயம் சார் இல்லை. அந்தச் செய்தி அச்சானால் நாளைக்குக் கோபமாக வரப்போகும் ஆள். செருப்பை மேசைமேல் வைப்பார். "எவன் எழுதுனது?" என்பார். நாம் பதில் சொல்ல வேண்டும். செருப்பு மேசையிலிருந்து இறங்கினால்தான் செய்தி அச்சுக்குப் போகும். அலுவலகத்தில் இதற்கு 'நாளைக்கு வர்றவர்' என்று பெயர்.

காசிமேட்டில் மாடு முட்டி ஒருவர் விழுந்த செய்திக்கு அவர் மாட்டின் சொந்தக்காரராக வந்தார்.

"எம்மாட்ட அவுத்து வுட்டேன்னு எழுதிக்கிற. கயிறு போட்டுக் கட்டித்தான் வெச்சிருந்தேன். கயித்த யாரு பாத்தா?"

"நான் பாக்கல சார்."

"சாரா? யாரு சாரு? நான் மாட்டுக்காரன்."

மறுபடி காசிமேடு போனேன். கயிறு இருந்தது, அறுந்திருந்தது. செய்தியில் ஒரே ஒரு சொல் மாறியது. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு பஸ் மாறியதில் எனக்கு அன்று அழுகை வந்தது. இன்று வராது.

நாளைக்கு வருபவர் கேட்பது எப்போதும் மூன்றே கேள்விதான். யார் பார்த்தது? பார்க்காதவர் என்றால் அவருக்கு யார் சொன்னது? எப்போது சொன்னது? மனப்பாடமாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் ஒரு காலையில் டாக்டர் சுகுமார் மாடியேறி வந்தார். திருவொற்றியூரில் விண்கல் கம்ப்யூட்டர் கல்வியகம் நடத்துபவர். அவருக்கு டாக்டர் பட்டம் யார் கொடுத்தது என்பதை நாங்கள் கடைசிவரை சரிபார்க்கவில்லை. சரிபார்த்திருந்தால் மற்றதெல்லாம் தேவைப்பட்டிருக்காது. அவர் கொண்டுவந்த அறிக்கை இதுதான்: 'திருகாணி' என்ற பெயரில் இன்டர்நெட்டில் ஒரு ரகசிய மின்னஞ்சல் குழு இயங்குகிறது, அறுநூறு பேர் இருக்கிறார்கள், பணம் எடுக்கும் இயந்திரங்களைத் திறக்கும் வழியைப் பேசிக்கொள்கிறார்கள், தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர்தான் அவர்கள் கூடாரம். ஆதாரமாக ஒரு மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருந்தார். பணம் எடுக்கும் இயந்திரத்தின் எண்பலகையைப் பிரித்து எடுத்துவிட்டேன், இனி என்ன செய்வது என்று யாரோ கேட்டிருந்தார்.

அந்தச் சென்டரை நடத்துபவர் பர்வீன் அக்கா. ஆறு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு மகள்கள். அந்தக் குடும்பம் முழுவதும் அந்த ஆறு கம்ப்யூட்டர்மேல்தான் உட்கார்ந்திருந்தது. நான் அந்தப் பகுதி இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார்: "பேப்பர்ல வந்துச்சுன்னா மேல கேப்பாங்கம்மா. நான் சென்டர சீல் வெச்சிட்டுத்தான் மறுவேலை பாக்கணும். வரலைன்னா எனக்கு வேற வேலை நெறைய கீது."

ஆக, நான் எழுதினால் சென்டர் மூடப்படும்.

நான் சென்டருக்குப் போனேன். வாசலில் ஒரு நோட்டு. பெயர், ஊர், எந்தக் கம்ப்யூட்டர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எல்லாம் எழுத வேண்டும். கலைச்செல்வி, வியாசர்பாடி, நான்காம் எண், பதினொன்று ஐந்து என்று எழுதிவிட்டு உட்கார்ந்தேன். திருகாணியில் சேர ஒரு பெயர் வேண்டும். நிருபர் என்று தெரிந்தால் வாய் திறக்க மாட்டார்கள், பெண் என்று தெரிந்தால் வேறு மாதிரி வாய் திறப்பார்கள். எனவே ஆணாகச் சேர முடிவு செய்தேன். ஆர்வலன் என்று தட்டினேன், ஏற்கெனவே ஒருவர் எடுத்திருந்தார். பின்னால் எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து, கடைசியில் எங்கள் வீட்டுக் கதவு எண்ணைப் போட்டேன். ஆர்வலன்72 பிறந்தான்.

பிறந்த கையோடு ஒரு கேள்வி கேட்டான். 'நம் குழுவில் பண இயந்திரத்தைத் திறக்கும் வழி தெரிந்தவர்கள் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.' செவ்வாய்க்கிழமை, நேரம் பதினொன்று இருபது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீடு திரும்பினேன். அன்று இரவு சாப்பிடும்போதுதான் அப்பா மூஞ்சி தெரியாதவன் கேள்வியைக் கேட்டார். "பாத்துக்கினே இரு நைனா" என்றேன்.

இரண்டே நாளில் மூன்று சாட்சிகள் கிடைத்தன. திருவொற்றியூரிலிருந்து ஒரு உறுப்பினர், 'ஆமாம், குழுவில் அப்படி ஒரு கும்பல் இருக்கிறது, ஜாக்கிரதை' என்று எழுதினார். மணலி புதுநகரில் செல்போன் பழுது பார்க்கும் சேகர் போனில், "பேச்சு அடிபடுது மேடம், எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தான்" என்றார். மூன்றாவது, பெங்களூர்க்காரர்கள் நடத்தும் வேறொரு குழுவில் ஆங்கிலத்திலேயே வந்துவிட்டது: வடசென்னையில் ஒரு கும்பல் இதைச் செய்துகொண்டிருக்கிறது என்று. மூன்று ஊர், மூன்று ஆள், இரண்டு மொழி. ஒருவரையொருவர் தெரியாதவர்கள். இதற்குமேல் என்ன வேண்டும்? எழுதினேன். அறுநூறு பேர் என்பதைத் தலைப்பிலேயே வைத்தேன்.

தேவசகாயம் சார் படித்தார். வெளியே போனார். கதவு தட்டப்பட்டது. தோளில் கிடந்த துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, கையில் செருப்போடு பர்வீன் அக்காவாக நின்றார். சிரிக்க வேண்டிய காட்சிதான். யாரும் சிரிக்கவில்லை.

"எங்கடைய மூடிட்டாங்க. எம்புள்ளைங்க நாளைக்கு இஸ்கூலுக்குப் போவாது. நீதான் எழுதுனியா?"

"மூணு பேரு சொன்னாங்க."

"மூணு பேருல யாரு பாத்தா?"

"பாக்கல. கேள்விப்பட்டாங்க."

"யாராண்ட?"

அவர் மேசையிலிருந்த போனை என் பக்கம் தள்ளினார். முக்காட்டை எடுக்கவில்லை.

சேகருக்குப் போன் போட்டேன். யார் சொன்னது என்று கேட்டேன். திருவொற்றியூர்க்காரர் சொன்னாராம். அவர் எண்ணை வாங்கி அவருக்குப் போட்டேன்.

"நானே படிச்சேன் மேடம், குழுவுலேயே வந்துது. பெங்களூர் தோஸ்துக்குக்கூட அனுப்புனேனே. அவங்க குரூப்புல போட்டுட்டான்."

"குழுவுல யாரு எழுதுனது?"

"எவனோ புதுசா ஒருத்தன். அவன்தான் தலைவன்னு பேசிக்கிறாங்க. வந்த அன்னிக்கே மிசினத் தொறக்க ஆளு கேக்குறான்னா எவ்ளோ தெகிரியம் பாருங்க."

"பேரு?"

"ஆர்வலன் எழுவத்திரண்டு."

போனை வைத்தேன். தேவசகாயம் சார் துண்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "யாராம்?" என்றார்.

"நான்தான் சார்."

அவர் ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் மென்றார். பிறகு மூன்று சாட்சிகளின் மின்னஞ்சல்களையும் பேச்சுகளையும் நேரத்தோடு ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொன்னார், பழையது கீழே, புதியது மேலே. எழுதினேன். எல்லாவற்றுக்கும் கீழே செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபது இருந்தது. அதற்கும் கீழே ஒன்றே ஒன்று மிஞ்சியது: சுகுமார் கொண்டுவந்த எண்பலகை மின்னஞ்சல். அதை எழுதியவர் கையெழுத்திட்டிருந்தார், கோதண்டம், எண்ணூர் என்று. ரகசியக் குழுவில் பெயரையும் ஊரையும் போட்டு எழுதும் திருடனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

"காலைல எண்ணூர் போ. செருப்பு இங்கியே இருக்கட்டும்" என்றார். அன்று அவர் வெறுங்காலோடுதான் வீட்டுக்குப் போனார்.

எண்ணூரில் கோதண்டத்தின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு அம்மா குடத்தோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"நாலு நம்பரும் போட்டாச்சுய்யா. இன்னும் இன்னா போடணும்? எங்கல்யாண தேதின்னு சொன்னே, அது எனக்கே மறந்து பூட்ச்சு."

உள்ளேயிருந்து ஒரு குரல்: "கடைசி நம்பரு ஏழும்மா. எட்டு போட்டுக்கினே கீற."

கதவுச் சட்டத்தில் பண இயந்திரத்தின் எண்பலகை பதிக்கப்பட்டிருந்தது. கோதண்டம் பாய்லர் பிட்டர். பழைய சாமான் சந்தையில் எடைக்கு வாங்கிய எண்பலகையை வீட்டுப் பூட்டோடு இணைக்கத் திருகாணியில் உதவி கேட்டிருக்கிறார். கதவு அவருக்குத் திறக்கும், அவர் மனைவிக்குத் திறக்காது. ஏழு போட்டதும் கதவு திறந்தது. அந்த அம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ யாரும்மா? அந்த குரூப்பா? இத்த கழட்டித் தர்றதுக்குப் போட வேண்டிய நம்பரு எதுனா கீதா?"

நான் என் கையாலேயே எண்களை அழுத்தித் திறந்து பார்த்தேன். மூன்று முறை. இம்முறை பார்த்தது நான்.

கோதண்டம் இன்னொன்றும் சொன்னார். திருகாணியில் அறுநூறு பேரெல்லாம் இல்லையாம். கடவுச்சொல்லை மறந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் புதுப்பெயரில் சேர்ந்துவிடுவார்களாம். "நானே பதினாலு பேரு" என்றார் அடக்கத்தோடு.

மதியம் அலுவலகத்துக்குத் திரும்பினால் சுகுமார் இரண்டாவது அறிக்கையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் பர்வீன் அக்கா, மடியில் அந்த நோட்டோடு. இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்விகளிலிருந்து விஷயம் அக்காவுக்கு எட்டிவிட்டது. உண்மையான பர்வீன் அக்கா செருப்பைக் கையில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குப் பழகியிருக்கும். அவர் கை நோட்டின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தது.

சுகுமார் சொன்னார்: "கும்பல் தலைவனைக் கண்டுபிடிச்சிட்டேன். ஆர்வலன் எழுவத்திரண்டுன்னு பேரு. ரொம்ப அபாயமான ஆளு."

தேவசகாயம் சார் எழுதிக்கொள்ள ஒரு தாளை எடுத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"நீங்களே பாத்தீங்களா டாக்டர்?"

"நேர்லயே பாத்தேன். செவ்வாக்கெழம காலைல. இவங்க சென்டர்லதான் உக்காந்து டைப் அடிச்சிக்கினு இருந்தான்."

"எவ்வளவு உயரம் இருப்பான்?"

"ஆறடி. கொறையாது."

"மீசை?"

"முறுக்கு மீசை."

"பயந்துட்டீங்களா?"

"லேசா."

தேவசகாயம் சார் எழுதியதை அவரிடமே கொடுத்தார். "படிச்சுப் பாத்து ஒரு கையெழுத்து போட்டுடுங்க." சுகுமார் டாக்டர் என்று சேர்த்தே கையெழுத்துப் போட்டார். பிறகு சார் என் மின்னஞ்சலின் அச்சுப்பிரதியை பர்வீன் அக்காவிடம் நீட்டி, "இதுல செவ்வாய் பதினொண்ணு இருவதுன்னு இருக்கும்மா. உங்க நோட்டுல அந்த நேரத்துக்கு யாரு?" என்றார்.

அக்கா பக்கம் புரட்டினார். விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே வந்தார். நின்றார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகாது. நான் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு.

"அந்நேரத்துக்கு ஒரே ஒரு ஆளுதான் சார் சென்டர்ல. கலைச்செல்வி, வியாசர்பாடி." பிறகு சுகுமாரைப் பார்த்தார். "ஏன் டாக்டரு, மீச எங்க கீது?"

அறை முழுவதும் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "மூணு மாசமா எங்கடையில ஒருத்தருக்கொருத்தரு சும்மாவே சொல்லிக் குடுத்துக்கினு கீறாங்க. இவரு கிளாசுல ஆளு இல்ல. அதுக்கு எங்கள திருடனாக்கிட்டாரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவரு போவட்டும். நீ இன்னாத்துக்கு கண்ணு? எங்கிட்ட வந்து நான் பேப்பர்ல இருக்கேன்னு சொன்னா டீ வாங்கிக் குடுத்து எல்லாத்தையும் காட்டியிருப்பேனே" என்றார். அந்த எட்டு வருடத்தில் என்மேல் விழுந்த ஒரே செருப்படி அதுதான்.

சுகுமார் தனக்குக் கண்பார்வை சரியில்லை என்று சொல்லிவிட்டு மாடியிறங்கினார். அதையும் நாங்கள் சரிபார்க்கவில்லை.

அன்றே செய்தியை மாற்றி எழுதினேன்: எண்ணூர்க் கதவு, கோதண்டத்தின் பதினான்கு பெயர்கள், கையெழுத்திட்ட மீசை. நன்றாக வந்திருந்தது. தேவசகாயம் சார் படித்துவிட்டு வெளியே போனார். யாராக வரப்போகிறார் என்று ஊகிக்க முடியவில்லை. கதவு தட்டப்பட்டது. மூக்கின்கீழ் ஆட்காட்டி விரலைப் படுக்கவைத்து மீசையாகப் பிடித்துக்கொண்டு, கால்விரல் நுனியில் எம்பி நின்றார். ஆறடிக்கு அதுதான் அவரால் முடிந்தது.

"நான்தான் ஆர்வலன் எழுவத்திரண்டு. ஊரெல்லாம் என்னாலதான் கெட்டுப்போச்சு. என்னப் பத்தி ஒரு வரிகூடக் காணோமே?"

உட்கார்ந்து அந்தப் பத்தியை எழுதினேன். வதந்தியில் பாதியைக் கிளப்பியது எங்கள் நிருபர் பொய்ப்பெயரில் கேட்ட ஒரு கேள்வி என்று. என் பெயரோடு எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவர் விரலை எடுக்கவில்லை, எம்பி நின்ற காலையும் இறக்கவில்லை. பிறகு செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இன்ஸ்பெக்டர் சீல் வைக்கவில்லை. வேறு வேலை நிறைய இருந்தது. சென்டர் மறுநாளும் திறந்தது. முதல் ஆளாகப் போய் நோட்டில் பெயர் எழுதிவிட்டுத் திருகாணியில் ஆர்வலன்72 யார் என்று எழுதினேன். கோதண்டம் பதினான்கு பெயரிலும் தனித்தனியாக என்னை மன்னித்தார்.

செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"மூட்டை ஒண்ணுதான். ஒரே ஆளு எண்ணுன கணக்க மூணு பேரு சீட்டுல எழுதிக்கிறானுங்க. நீ மூணு மூட்டைன்னு நம்பிட்ட."

"ஆமா நைனா."

"மூஞ்சே தெரியாதவன்னு சொன்னேனே. அது உம் மூஞ்சிதானா?"

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளே, ஒரு பக்கக் குறிப்பு வேண்டுமென்றால் அப்பா சொன்ன மூட்டையை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வரும் சாட்சி, நீங்கள் போட்ட கேள்விக்குப் பிறகு வந்ததா, முன்னால் வந்ததா என்று நேரத்தைப் பாருங்கள். எழுதியவரின் கதவைத் தட்டுங்கள். கதவில் எண்பலகை இருந்தால் கடைசி எண் ஏழு.

நான் இப்போது பர்வீன் அக்காவின் சென்டரில் ஆறாம் எண் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். வடசென்னைக்கென்று ஒரு இணையதளம். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு குழு, பழைய செல்போன்களை வைத்துக் கடல் அலையை அளப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. அவர்கள் குழுவில் நேற்றுக் காலை சேர்ந்தேன். கலைச்செல்வி, நிருபர், வியாசர்பாடி, கதவு எண் எழுபத்திரண்டு என்று எழுதி, உங்கள் கருவியை நேரில் பார்க்க வரலாமா என்று கேட்டேன். இதுவரை ஒரே பதில்தான் வந்திருக்கிறது. 'நீங்கள் நிஜமாகவே பெண்தானா, நிருபர்தானா? எப்படி நம்புவது?' என்கிறார் அலைவீரன்9.

சென்டரின் முகவரியை அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வாசலில் நோட்டு இருக்கும், பெயர் எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். பர்வீன் அக்கா இரண்டு டீக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.